இடது 38, வலது 40

“அண்ணா, இந்த ஷூவை யாருக்காவது வித்துக் குடுத்துருங்க. நான் பழையபடி செருப்பு போட்டே ஓட்டிக்கறேனுங்க.”

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கும் என் சைக்கிள் பட்டறைக்கு வந்த டீச்சர், உட்காரும் முன்பே சொன்னது இது. வயது 34, அரசுப் பள்ளியில் வேலை. இரண்டு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறார். வாரநாளில் கோரிமேடு வரை போய்த் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, ஏற்காடு அடிவாரம் தாண்டி முடிந்தவரை மலை ஏறுவார். க்ளீட் ஷூ (அடியில் இருக்கும் க்ளீட் என்ற துண்டு பெடலோடு பூட்டிக்கொள்ளும்) வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. செருப்பு போட்டு ஏற்காடு ஏரி வரை இரண்டு தடவை போனவர், இந்த ஷூவைப் போட்ட பிறகு ஒரு தடவைகூட மேலே போய்ச் சேரவில்லை. பாதி மலையில் ஓரமாக நிறுத்தி, ஷூவைக் கழற்றிவிட்டு, பாலத்துச் சுவர் மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே திரும்பிவிடுகிறார்.

அவர் சம்மதத்தோடு இந்தக் கேஸை முழுசாக எழுதுகிறேன். இரண்டு பாதமும் துல்லியமாக ஒரே நீளத்தில் இருப்பவர்கள் குறைவுதான். பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். அதை எந்த ஷூவும் தாங்கிக்கொள்ளும். வித்தியாசம் ஒரு சைஸைத் தாண்டும்போதுதான் பிரச்சினை. கடையில் “நடுவுல ஒரு சைஸ் போட்டுப் பாருங்க” என்பார்கள். டீச்சருக்கும் அதுதான் நடந்திருந்தது.

அவர் சொன்ன தொந்தரவுகள் காலுக்குக் கால் வேறு. வலது காலில், ஏற்றம் ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் முன்பாதம் மரத்துப்போகும், பிறகு நெருப்பில் வைத்த மாதிரி எரியும். இடது காலில் மரப்பு இல்லை; ஆனால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், குதிகால் ஷூவுக்குள் மேலும் கீழும் போய்வரும். இன்னொன்றைச் சொல்லத் தயங்கினார். இடது காலைப் பெடலிலிருந்து விடுவிக்கவே முடியவில்லை, வளைவில் பஸ் வந்தால் பயமாக இருக்கிறது என்றார். இரண்டு தடவை விழுந்திருக்கிறார். நம்ம ஊரில் சாலையின் இடது ஓரம்தானே போகிறோம். நிற்க வேண்டி வந்தால் இடது கால்தான் முதலில் தரைக்குப் போகும். அந்தக் கால் பூட்டில் மாட்டிக்கொண்டால் சைக்கிளோடு சாய வேண்டியதுதான்.

மலை ஏறாதவர்களுக்கு ஒரு கணக்கு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்தாலும், இரண்டரை மணி நேர ஏற்றத்தில் ஒவ்வொரு காலும் 9,000 தடவை பெடலை மிதிக்கிறது. செருப்பில் மிதிக்கும்போது கால் தனக்குத் தோதான இடத்தைத் தானே தேடி நகர்ந்துகொள்ளும். க்ளீட்டில் அது முடியாது. பூட்டின இடத்தில், பூட்டின கோணத்தில் அத்தனை தடவையும் மிதித்தாக வேண்டும். செருப்பில் ஏறிய மலையை ஷூவில் ஏற முடியாமல் போனதற்கு டீச்சருடைய உடம்பில் குறை தேட வேண்டியதில்லை.

முதலில் ஷூவைப் பார்த்தேன். 39 சைஸ், அடியில் இரண்டு போல்ட் போடும் எஸ்.பி.டி. வகை. உள் அட்டை இரண்டையும் வெளியே எடுத்து டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உள் அட்டை பொய் சொல்லாது. நான்கு மாத வியர்வையில் பாதத்தின் தடம் அதில் கறுப்பாகப் படிந்திருக்கும். வலது அட்டையில் விரல் தடங்கள் முன் விளிம்பைத் தொட்டு, அதற்கு மேல் போக இடமில்லாமல் மடங்கியிருந்தன. இடது அட்டையில் விரல் தடத்துக்கு முன்னால் வெள்ளையாக ஒரு பெரிய வெற்றிடம். இடது ஷூவுக்குள் கையை விட்டால் மூக்குப் பகுதியில் பஞ்சு உருண்டை. வாங்கின கடையில் வைத்துக் கொடுத்தார்களாம்.

ஷூவைத் திருப்பினேன். இரண்டு க்ளீட்டும் ஷூ நுனியிலிருந்து சரியாக ஒரே தூரத்தில், ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஸ்கேல் வைத்து மாட்டியிருப்பார்கள். ஆனால் ஸ்கேலை ஷூவின் மேல் வைத்துவிட்டார்கள், காலின் மேல் வைக்கவில்லை.

அப்புறம் கால். அளவெடுக்க மறுநாள் சாயங்காலம் வரச் சொன்னேன். காலையில் எடுக்கும் அளவும் நாள் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு வரும் காலின் அளவும் ஒன்றல்ல; பாதம் வீங்கும். மலையில் வெயில் ஏறும்போதும் அப்படித்தான். சேலத்து வெயிலில் ஓட்டப்போகிற ஷூவுக்குச் சாயங்காலக் கால்தான் அளவு. உட்கார்ந்து அளந்தாலும் தப்பு. உடம்பின் எடை இறங்கும்போது பாதம் நீளும்.

சாக்ஸைக் கழற்றியதும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பிறக்கும்போது இடது பாதம் உள்பக்கமாக மடங்கி இருந்ததாம். டாக்டர்கள் கிளப் ஃபுட் என்று சொல்வது அதைத்தான். கைக்குழந்தையாக இருந்தபோது மாவுக்கட்டு மேல் மாவுக்கட்டாகப் போட்டு, குதிகால் தசைநாணில் சின்ன ஆபரேஷனும் செய்து நேராக்கியிருக்கிறார்கள். நடையில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கால் மட்டும் அப்படிப் பிறந்தவர்களுக்கு, சரிசெய்த பிறகும் அந்தப் பாதம் மற்றதைவிடச் சின்னதாகவும், கெண்டைக்கால் ஒல்லியாகவும், கணுக்கால் கொஞ்சம் இறுக்கமாகவும் இருப்பது வழக்கம். “கடையில சொல்லலீங்களா டீச்சர்?” என்றேன். “அவங்க கேக்கலீங்கண்ணா, நானும் சொல்லல. செருப்புக் கடையிலகூட நான் சொல்றதில்லைங்க” என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகு, ஷூ மாட்ட வரும் ஒவ்வொருவரிடமும் கால் பற்றி நானே முதலில் கேட்டுவிடுகிறேன்.

சுவரில் குதிகாலை ஒட்டி, தரையில் சார்ட் பேப்பர் விரித்து, நிற்க வைத்து அளந்தோம். வலது 251 மில்லிமீட்டர், இடது 238. குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரை, அதாவது பாதத்தின் உள்பக்கம் புடைத்திருக்கும் அந்த எலும்பு வரை, வலதில் 183, இடதில் 173. எனக்கு இந்த இரண்டாவது அளவுதான் முக்கியம். க்ளீட்டின் இடத்தை நிர்ணயிப்பது விரல் நுனி இல்லை, இந்த மூட்டுதான்.

ஐரோப்பிய ஷூ அளவில் ஒரு சைஸ் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.67 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய இரண்டு சைஸ். சைக்கிள் பாகங்களும் ஷூவும் செய்யும் ஷிமானோ கம்பெனியின் அளவு அட்டவணையில் 38 என்பது 238 மி.மீ. காலுக்கு, 39 என்பது 245-க்கு, 40 என்பது 252-க்கு. டீச்சருடைய இடது கால் அச்சடித்த மாதிரி 38. வலது கால் 40. கடையில் கொடுத்த 39 வலதுக்கு 6 மி.மீ. சின்னது, இடதுக்கு 7 மி.மீ. பெரியது. அந்த 39-க்குப் பொருந்துகிற கால் அவரிடம் இல்லவே இல்லை. இரண்டு காலுக்கும் நியாயம் செய்வதாக நினைத்து இரண்டையும் கஷ்டப்படுத்தியிருக்கிறார்கள்.

வலது கால் மரப்புக்கு இன்னொரு காரணமும் கண்ணில் பட்டது. மெட்டி. இரண்டாம் விரலில் கனமான முத்துவரிசை மெட்டி. அதன் இருபுறமும் விரல்களில் பள்ளம் விழுந்திருந்தது. இறுகின ஷூவுக்குள், வீங்கின விரல்களுக்கு நடுவில், விரலிடை நரம்பை அது எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியிருக்கும்! மெட்டியைக் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பள்ளத்தைக் காட்டினேன், அவரே தொட்டுப் பார்த்துக்கொண்டார். வெள்ளி வேலைக்குப் பேர்போன ஊர் இது. செவ்வாய்ப்பேட்டையில் பட்டையான மெலிசு வளையமாக ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு அடுத்த தடவை வந்தார்.

இனி என்ன செய்வது? இரண்டு வழி இருந்தது.

ஒன்று, பெரிய காலுக்குப் பொருத்தமாக ஒரு ஜோடி 40 வாங்கி, இடது ஷூவுக்குள் நிரப்புவது. ஒரு சைஸ் வரை வித்தியாசம் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் நிரப்பும் இடம் முக்கியம். மூக்கில் வைக்கும் பஞ்சு, விரலுக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தை மட்டும்தான் அடைக்கும்; குதிகாலையும் பிடிக்காது, மேல்பாதத்தையும் பிடிக்காது. பாதத்துக்கு அடியில் கொஞ்சம் கனமான உள் அட்டை போட்டு, நாக்கின் உள்பக்கம் ஃபெல்ட் துண்டு ஒட்டி, பாதத்தை மேலிருந்தும் கீழிருந்தும் பிடிக்க வேண்டும். டீச்சருக்கு அது போதாது. 38 கால் 40 ஷூவுக்குள் போனால், ஷூவின் உள்வளைவு மேடு பாதத்தின் உள்வளைவுக்குக் கீழே வராமல் முன்னால் போய் நிற்கும். குதிகால் கிண்ணமும் அகலமாகிவிடும். ஒல்லியான குதிகால் அதற்குள் ஆடத்தான் செய்யும்.

இரண்டாவது வழி, ஒரே மாடலில் 38 ஒரு ஜோடி, 40 ஒரு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது. செலவு இரட்டிப்பு. ஒரே மாடலாக இருப்பது கட்டாயம். மாடல் மாறினால் அடிப்பாகத்தின் கனமும் மாறும், ஒரு கால் உயரமாகிவிடும். மனசாட்சிப்படி இரண்டாவதைத்தான் சொன்னேன். அதே நேரத்தில், நாலு மாதத்துக்கு முன் வாங்கின ஷூவும் வீணாகி, இப்போது ரெண்டு ஜோடி என்றால் சம்பளக்காரருக்கு அது சின்னச் சுமை இல்லை. அவசரப்படாதீர்கள் என்றேன். ஒரு வாரம் கழித்து அவரே ஃபோன் செய்தார். “ஆர்டர் போட்டுட்டேனுங்கண்ணா. என் ரெண்டு காலுக்கும் சரியா ஒரு ஷூ நான் இதுவரைக்கும் போட்டதே இல்லைங்க. ஒருதடவை போட்டுப் பாத்துடறேன்.”

ஷூ வந்தது. இப்போது க்ளீட். பூட்டும் பெடல் சாலை சைக்கிளுக்குப் பரவலாக வந்தது 1984-க்குப் பிறகு. பனிச்சறுக்குப் பூட்டு செய்துகொண்டிருந்த பிரான்ஸின் லுக் கம்பெனி அதைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் டி ஃபிரான்ஸ் பந்தயம் ஜெயித்தார். ஷிமானோவின் எஸ்.பி.டி. வந்தது 1990-ல். க்ளீட் அடிப்பாகத்துக்குள் அமுங்கி இருக்கும், இறங்கி நடக்கலாம். ஏற்காட்டில் டீக்கடை கண்ட இடத்தில் இறங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மூட்டைக் கண்டுபிடிக்கும் வேலைதான் நேரம் எடுக்கும். ஷூவைப் போட்டு, பட்டையை இறுக்கி, நிற்கச் சொல்லி, ஷூவின் மேல்தோல் வழியாகக் கட்டைவிரலால் அழுத்தித் தேட வேண்டும். உள்பக்கம் பெருவிரல் அடிமூட்டு, வெளிப்பக்கம் சுண்டுவிரல் அடிமூட்டு. விரலை மெல்ல ஆட்டச் சொன்னால் மூட்டு கைக்குத் தட்டுப்படும். கறுப்பு ஷூ, பேனா பிடிக்கவில்லை. டேப் வெட்டி ஒட்டினால் மூலை எங்கே, நடு எங்கே என்று குழப்பம். டீச்சர் கைப்பையைத் திறந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினார். கடுகளவு சிவப்புப் பொட்டு. ஷூவுக்கு இரண்டாக நாலு பொட்டு வைத்தோம். அத்தனை துல்லியமான குறியை நான் அதுவரை பயன்படுத்தியதில்லை. இப்போது என் டூல் பெட்டியில் ஒரு பொட்டு அட்டை நிரந்தரமாக இருக்கிறது.

உள்பொட்டுக்கும் வெளிப்பொட்டுக்கும் நடுவில் பெடலின் அச்சு வர வேண்டும். வலது காலுக்கு அச்சை, பெருவிரல் மூட்டுக்கு 6 மி.மீ. பின்னால் வைத்தேன். பழைய ஷூவில் இடது க்ளீட் மூட்டைவிட 10 மி.மீ. முன்னால் இருந்திருக்கிறது என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட விரல்களால் மிதித்துக்கொண்டு இருந்திருக்கிறார். க்ளீட் முன்னால் போகப் போக, குதிகால் கீழே இறங்காமல் பிடித்து நிறுத்த கெண்டைக்கால் கூடுதலாக இழுக்க வேண்டும். இரண்டு காலில் எது ஒல்லியோ அதன் தலையில் போய் இந்தச் சுமை விழுந்திருக்கிறது. இடது க்ளீட்டை அதனால் நன்றாகவே பின்னுக்கு இறக்கி, மூட்டுக்கு 10 மி.மீ. பின்னால், பின் வரிசை ஓட்டையில் மாட்டினேன்.

கோணத்துக்கு, டேபிள் விளிம்பில் உட்கார வைத்து இரண்டு காலையும் தொங்கவிடச் சொன்னேன். வலது பாதம் இயல்பாக வெளிப்பக்கம் பார்த்தது, இடது கொஞ்சம் உள்பக்கம். கால் எப்படித் தொங்குகிறதோ அப்படியே க்ளீட் போக வேண்டும். இரண்டையும் நேராக வைத்தால் முழங்கால்தான் வளைந்துகொடுக்கும்.

விடுவிக்கும் பிரச்சினைக்கு விடை எளிது. சாதாரண எஸ்.ஹெச்.51 க்ளீட் குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். இறுகின கணுக்காலுக்கு அந்தத் திருப்பம் கஷ்டம். மொத்தக் காலையும் இடுப்பிலிருந்து திருப்ப வேண்டும். எஸ்.ஹெச்.56 பல திசையிலும் கழலும், சாய்த்து மேலே இழுத்தாலும் வந்துவிடும். இடதுக்கு 56, வலதுக்கு 51 போட்டேன். இடது பெடலின் ஸ்பிரிங்கையும் நன்றாகத் தளர்த்திவிட்டேன். நின்ற இடத்திலேயே ஓட்டும் ரோலரில் அல்ல, பட்டறைக்கு முன்னால் உள்ள தெருவில் முப்பது தடவை மாட்டிக் கழற்றச் சொன்னேன். பத்தாவது தடவையிலேயே முகம் மாறிவிட்டது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாளில் திரும்ப வந்தார். மரப்பு போய்விட்டது, கெண்டைக்காலும் பரவாயில்லை. ஆனால் இடது முழங்காலுக்குப் பின்னால் இழுக்கிறது, சீட்டில் ஒரு பக்கம் மட்டும் உரசிப் புண்ணாகிறது.

தப்பு என்னுடையது. க்ளீட்டைப் பின்னால் இறக்கினால் கால் பெடலைத் தாண்டி முன்னே போகும், கால் எட்டும் தூரம் குறையும். சீட்டையும் கொஞ்சம் இறக்க வேண்டும். இடதில் கிட்டத்தட்ட 20 மி.மீ. நகர்த்திவிட்டு, சீட்டைத் தொடாமல் அனுப்பியிருக்கிறேன். பின்னாலிருந்து பார்த்தபோது, இடது பெடல் கீழே போகும் ஒவ்வொரு சுற்றிலும் இடுப்பு இடப்பக்கம் சரிந்தது. சீட் உயரம் மட்டும் அதற்குக் காரணமாக இருக்காது என்று பட்டது. காலின் நீளத்தை அளப்பது என் வேலை இல்லை. எலும்பு டாக்டரிடம் போகச் சொன்னேன். இடது கால் 6 மி.மீ. குட்டை என்று அளந்து எழுதிக் கொடுத்திருந்தார்.

சீட்டை 5 மி.மீ. இறக்கினேன். இடது க்ளீட்டுக்கு அடியில் 3 மி.மீ. தகடு வைத்தேன். 6-க்கு 6 வைப்பதில்லை. முப்பது வருடம் குட்டைக் காலோடு பழகின இடுப்பு அது, பாதி ஈடு செய்துவிட்டு உடம்பு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். தகடு, எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் அலுமினியத்தில் அறுத்தது. தகடு வைத்தால் பழைய போல்ட் மரைக்குள் போதுமான அளவு இறங்காது, இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிடும். மலை இறக்கத்தில் க்ளீட் கழன்றால் என்ன ஆகும் என்று நினைத்துக்கூடப் பார்க்க விரும்பவில்லை. நீளமான எம்5 போல்ட் வாங்கி, மரையில் கிரீஸ் தடவி, டார்க் ரெஞ்சில் 5 நியூட்டன் மீட்டர் வைத்து முடுக்கினேன். கடைசியில் க்ளீட்டைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் கோடு. க்ளீட் தேய்ந்து மாற்றும்போது இத்தனை வேலையையும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

இப்படி மூன்றாவது தடவை சரிசெய்த பிறகு நானும் கூடவே போனேன். அடிவாரத்தில் ஆறு மணிக்கு ஏற ஆரம்பித்தோம். அவர் பின்னால் இருந்துகொண்டு இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். ஆட்டம் முழுசாகப் போகவில்லை, பாதிக்கு மேல் குறைந்திருந்தது. வழக்கமாக நிறுத்தும் பாலத்துச் சுவர் வந்தது. நிறுத்தவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தபோது இடது காலைச் சத்தமில்லாமல் கழற்றி ஊன்றினார், பஸ் போனதும் மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஏரிக்கரை போய்ச் சேரும்போது எட்டே முக்கால்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கடைசி வளைவுகளில் இடது கெண்டைக்கால் இன்றும் முதலில் சோர்கிறது. அந்தத் தசை அவ்வளவுதான் என்று அவருக்கும் தெரியும். தகடு வைத்ததில் இடது க்ளீட் அடிப்பாகத்தைவிட்டுக் கொஞ்சம் வெளியே நிற்கிறது, டீக்கடை சிமெண்டுத் தரையில் ஒரு கால் மட்டும் டக் டக் என்று சத்தம் போடுகிறது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது உள் அட்டைகளை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஐந்து விரல் தடமும் மடங்காமல், விளிம்புக்கு முன்னால் ஒரே அளவு இடைவெளி விட்டுப் பதிந்திருந்தன.

பழைய 39 விற்றுப்போய்விட்டது. மிச்சமிருக்கும் ஜோடி என் பட்டறை அலமாரியில் இருக்கிறது. மண் படாத புது ஷூ, பெட்டியின் மேல் டீச்சரே சாக்பீஸ் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: இடது 40, வலது 38. அவருக்கு நேர்மாறான கால் உள்ளவர் யாராவது சேலம் பக்கம் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம். காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். க்ளீட்டை நான் மாட்டித் தருகிறேன், சாயங்காலமாக வந்தால் போதும்.